பீடிக்கூலி

ஸ்டெல்லா கண்ணு, பிரபு கண்ணு,

நீங்கள் லீவுக்கு வந்திருந்தபோது நம் ஆஸ்பத்திரியின் புது தெரபிஸ்ட் பொண்ணு எனக்குப் போன் செய்தது நினைவிருக்கும். கை வீங்கினவர்களுக்கு மெஷின் வந்திருக்கிறதாம். கையை ஒரு நீளமான உறைக்குள் விட்டால், அது காற்றடித்து அடித்து நீரை மேலே ஏற்றிவிடுமாம். "மெஷின் இல்லாதப்ப எப்படி சார் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்று அந்தப் பொண்ணு கேட்டது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். "அப்பா பார்த்த வேலைய இனிமே பம்பு பார்த்துக்கும்" என்றான் பிரபு.

பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பிரபு, நீ நாலாம் வகுப்பில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதியது எனக்கு மறக்கவில்லை. "என் தந்தை பெரியவர்களுக்குச் சட்டை போடச் சொல்லித் தருகிறார்" என்று எழுதிவிட்டாய். உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க என்னதான் வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பையன் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று மார்க் போட்டுவிட்டார்.

நோயை டாக்டர் பார்ப்பார். நோய் வந்த பிறகு அந்த ஆள் எப்படி முகம் கழுவுவார், எப்படிப் பொத்தான் போடுவார், அடுப்படியில் எப்படி நிற்பார், பஸ் எப்படி ஏறுவார் என்பதைப் பார்ப்பது எங்கள் அறை. வாசலில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று போர்டு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு சர்டிபிகேட் ஜெராக்ஸோடு வேலை கேட்டு வந்தவர்களும் உண்டு. உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்புவோம்.

நான் பத்தாவது முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளச் சேர்ந்தவன். ரோசலின் மேடம் தெரபிஸ்டாக வந்தபோது, உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், அவசரப்படாத ஆளாக இருக்கவேண்டும் என்று கேட்டார். தலைமை நர்ஸ் யோசிக்கவே இல்லை. "இருதயராஜைக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு அவசரம்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டார். திட்டியதுதான். அதுவே எனக்குப் பிரமோஷன் ஆயிற்று. பிறகு மலைக்குக் கீழே சேலத்தில் கொஞ்ச காலம் பயிற்சி, ஒரு பரீட்சை, ஒரு வெள்ளைக் கோட்டு. கோட்டு எனக்குப் பெரிது. உங்கள் அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்குக் கோபம் வந்திருக்கிறதா என்பதை மரியாதையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். "இருதயராஜ்" என்றால் சாதாரணம். "இருதயராஜ் சார்" என்றால் ஏதோ தப்பு. "இருதயராஜ் அவர்களே" என்றால் நான் அன்றைக்குச் சாப்பிடாமல்கூட வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று பார்ப்பேன். நோயாளியிடம் "எங்க வலிக்குது?" என்று முதலில் கேட்கமாட்டார். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "காலையில எந்திரிச்சு முதல்ல என்ன வேலை செஞ்சீங்க?" என்று ஆரம்பிப்பார். பல் விளக்கியதிலிருந்து பஸ் ஏறியது வரைக்கும் கேட்டு முடிப்பதற்குள், எந்த விரல் ஒத்துழைக்கவில்லை, எந்த வேலையை மருமகள் செய்துவிடுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் வந்தார். கேன்சருக்கு ஏற்றிய மருந்தில் விரல்நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. முதல் பொத்தானிலேயே வியர்த்துக் கொட்டியது. நான் உதவப் போனேன். மேடம் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் கட்டிக்கொண்டேன். ரைட்டர் எங்கள் இருவரையும் இங்கிலீஷில் திட்டினார். எஸ்டேட் துரைகள் விட்டுவிட்டுப் போன வார்த்தையெல்லாம் அன்றுதான் நான் கேட்டேன். கடைசிப் பொத்தானும் மாட்டியது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? எல்லாவற்றையும் கழற்றினார். நர்ஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து போட்டுக் காட்டினார்.

இதெல்லாம் எளிதான கதை. அந்தப் பொண்ணு கேட்டதற்குப் பதில், மாரமங்கலத்துச் சின்னப்பொண்ணு அக்காவும் அவர் வீட்டுக்காரர் அண்ணாமலை அண்ணனும்தான்.

அக்காவுக்கு மார்பில் கேன்சர். கீழே சேலத்தில் ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது. ஆனால் அந்தப் பக்கத்துக் கையிலிருந்து நீர் திரும்பிப்போக வழி இல்லாமல், கை வீங்கத் தொடங்கிவிட்டது. ரவிக்கைக் கையைப் பிரித்துவிட்டுத்தான் போட்டிருந்தார். கட்டைவிரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் விரல் பட்டதுபோலக் குழி விழும். குழி சீக்கிரம் மேலே வராது.

அண்ணனுக்குக் கால். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி போட்டு, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிறவர். சின்ன வயதிலிருந்தே பீடி. அந்தப் புகையால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொண்டன. ஒரு கால்விரல் கறுத்திருந்தது. டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லிவிட்டார்: "பீடியா காலான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ரெண்டும் சேர்ந்து இருக்காது."

வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுப்பவர்களுக்காக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சமைத்துக்கொள்ளும் அறைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் இருவரும் தங்கினார்கள். தினமும் காலையில் எங்கள் அறைக்கு வருவார்கள்.

அக்கா கைக்குச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் கழுத்தோரம், மார்பு, முதுகு என்று தோலைத் தடவி வழியைத் திறக்கவேண்டும். பிறகுதான் கை. அழுத்தவே கூடாது. பால் மேல் படிந்த ஆடையை விரலால் ஒதுக்குவோமே, அந்த அளவுக்குத்தான். அப்புறம் எண்ணெய், அதன் மேல் மெல்லிய துணி உறை, அதன் மேல் பஞ்சு. பிறகு கட்டுத்துணி. விரல்களில் தொடங்கி, கீழே கொஞ்சம் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றிக்கொண்டே போகவேண்டும். முடித்ததும் விரல்நுனி நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மேடம் தன் சுண்டுவிரலைக் கட்டின் ஓரத்தில் நுழைத்துப் பார்ப்பார். நுழையவில்லை என்றால் அவிழ். தாராளமாக நுழைந்தாலும் அவிழ்.

தன் கைக்குத் தானே ஒற்றைக் கையால் இப்படிக் கட்டுவது ரொம்பக் கஷ்டம். வீட்டுக்குப் போன பிறகும் தினமும் கட்டவேண்டும். அவர்களுடைய ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மாரமங்கலத்தில் வேறு ஆள் இல்லை. ஆகவே அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

அவர் கற்றுக்கொண்ட விதம் எங்களுக்கே ஆச்சரியம். மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிப் பழகின கை. எங்கே இறுக்க, எங்கே விட என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகக் கட்டினார். ஒருநாள் கட்டைப் பார்த்துவிட்டு, "அந்தக் கட்டையே எங்காலுக்கும் சுத்தினா என்னங்க?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. அவங்களுக்குத் தண்ணி வெளியே போகமாட்டேங்குது. உங்களுக்கு ரத்தம் உள்ளயே வரமாட்டேங்குது. தண்ணி வராத குழாயைப் போயி யாராச்சும் நெரிப்பாங்களா?" என்றார் மேடம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கை வீங்கின மற்றப் பெண்களின் வீட்டுக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து அண்ணனைக் காட்டினேன். "பாருங்க, பொஞ்சாதி மேல எத்தனை பிரியமா கட்டறாருன்னு. நீங்களும் இருக்கீங்களே!" என்றேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மஞ்சக்குட்டை ஊர்க்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனும் அடக்கமாக நின்றார்.

ஒருநாள் மேடம் காலையில் சேலம் போகவேண்டியிருந்ததால், அக்கா கையைப் பிற்பகலில் பார்த்தார். வழக்கமில்லாத நேரம். அக்கா நெளிந்தார்.

"இன்னிக்கி வேண்டாமுங்க. நாளைக்கிக் காலைல பாத்துக்கலாமுங்க. இவுரு கஷ்டப்பட்டுக் கட்டியிருக்காரு."

"பரவாயில்லைங்க, இருதயராஜ் திருப்பிக் கட்டிவிடுவார்" என்று மேடம் அவிழ்த்துக்கொண்டே போனார். மேல்கைப் பக்கம், கட்டு தளர்வாக இருக்கும் இடத்தில் பஞ்சை விலக்கியதும் ஏதோ கீழே விழுந்து உருண்டு என் செருப்பண்டை வந்து நின்றது. நசுங்கிய ஒரு பீடி. அக்கா தோலில் அதே நீளத்துக்கு, அதே வடிவத்தில் ஒரு குழி.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் காலண்டரைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஏனுங்ணா, ஒளிச்சு வெக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? அக்கா கைதானா கெடைச்சுது?"

"நான் வெக்கலீங்க சாமி."

"பின்ன, பீடி தானா நடந்து போச்சுங்களா?"

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார் அக்கா.

அக்கா நிதானமாகச் சொன்னார். "இவுருக்குக் கூலி இல்லாம ஒரு வேலையும் ஓடாதுங்க. காலைல கட்டுப் போட்டா, சாயந்தரம் அவுக்கறப்ப ஒரு பீடி. கோணலாப் போட்டா அதுவுங் கெடையாது. அதுக்குத்தானுங்க இத்தனை நேர்த்தியாப் போடறாரு."

"அதுக்குக் கட்டுக்குள்ளதான் வெக்கோணுமாக்கா?"

"அரிசிப் பானைல வெச்சேன், எடுத்துப்போட்டாரு. தலவாணிக்குள்ள வெச்சேன், எடுத்துப்போட்டாரு. இதுக்குள்ள வெச்சா எடுக்கமாட்டாருங்க. எடுத்தா மறுக்காக் கட்டோணுமே. அம்புட்டு சோம்பேறி!"

மஞ்சக்குட்டைக்காரர் கண்ணீர் என் நினைவுக்கு வந்தது. மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"பிரியத்தைப் பத்தி வகுப்பெடுத்தீங்களே, இருதயராஜ் அவர்களே" என்றார்.

பிறகு முக்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கறுத்த விரலுக்குப் பக்கத்து விரலும் மங்கத் தொடங்கியிருந்தது. "இந்தக் காலுக்கு ஒரு பீடின்னும் ஒரு கட்டுன்னும் கணக்குத் தெரியாதுங்க. ஒண்ணே போதும், குழாய் சுருங்கிக்கும். விட்டீங்கன்னா இந்த விரலோட நின்னாலும் நிக்கலாம். விடலைன்னா முட்டிக்குக் கீழ எடுக்கவேண்டி வரும். அப்புறம் நீங்க ஏணியையே பார்க்கமுடியாது."

அண்ணன் கறுத்த விரலைத் தொட்டுப் பார்த்தார். "அது தெரியுதுங்க மேடம். ஆனா வேலைய முடிச்சுப்போட்டு ஒரு இழுப்பு இழுக்கலீன்னா, வேலை முடிஞ்ச மாதிரியே இருக்கமாட்டேங்குதுங்க."

பம்பு பார்த்துக்கும் என்றீர்களே, கண்ணுகளா, எங்கள் வேலை இதுதான். அவருக்குப் பீடி என்பது வேலைக்கு வைக்கிற முற்றுப்புள்ளி. புள்ளியை அழித்தால் போதாது, வேறு ஒன்று வைக்கவேண்டும். மேடம் கிராம்பு கொடுத்துப் பார்த்தார். "பல்லு வலிக்குப் போன மாதிரி இருக்குதுங்க" என்றார். ஏலக்காய் கொடுத்தோம். "பாயாசம் குடிச்ச மாதிரி இருக்குதுங்க, வேலை முடிச்ச மாதிரி இல்லீங்க." கடலை கொடுத்தோம். அதை மட்டும் மறுக்காமல் தின்றுவிட்டு, பீடி எங்கே என்று கேட்டார்.

கடைசியில் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கூலி இல்லீன்னா வேலையும் இல்லீங்க. நான் ஸ்ட்ரைக்கு."

காப்பி பறிப்பு தொடங்கும் நேரம் வேறு. அவர்கள் ஊருக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பீடி கொடுத்தால் அண்ணன் கால் போகும். கொடுக்காவிட்டால் கட்டுவதற்கு ஆளில்லாமல் அக்கா கை மறுபடி தூணாகும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நானே கட்டிவிடறேன்" என்று துணியை எடுத்தேன்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "நீங்க கட்டாதீங்க தம்பி. அவுரு ஸ்ட்ரைக்குன்னா நானும் ஸ்ட்ரைக்கு. ஒண்ணுகூட ஆகாதுன்னு மேடம் சொல்லிப்போட்டாங்க, பீடிய விட்டுட்டு அவுரே வந்து கட்டட்டும். அதுவரைக்கும் கை இப்படியே கெடக்கட்டும்."

மேடத்தைப் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் அக்காவிடம் தெளிவாகச் சொன்னார்: "ரெண்டு நாள் பொறுப்பேன். கை சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த நிமிஷமே நான் கட்டிடுவேன். அப்ப ஸ்ட்ரைக்குன்னு எங்கிட்டச் சொல்லக்கூடாது." தோலையும் சூட்டையும் அடிக்கடி போய்ப் பார்ப்பது என் வேலை ஆயிற்று.

முதல் நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா வெறுங்கையை அண்ணன் கண்ணில் படும்படியே வைத்துக்கொண்டு நடமாடினார். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. அண்ணன் மட்டும் திரும்பவே இல்லை.

மறுநாள் மதியம் நான் போனபோது அக்கா ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். களி கிண்ட இரண்டு கையும் வேண்டும். துடுப்பைப் போட்டு அழுத்திச் சுழற்றினால்தான் கட்டி இல்லாமல் திரண்டு வரும். அக்கா இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு வாங்கினார். உருட்டி வைத்தார். கீரையை ஊற்றினார்.

அண்ணன் ஒரு வாய் எடுத்தார். நிறுத்தினார். விரலால் தடவிப் பார்த்தார். "என்ன புள்ள, கட்டி கட்டியா இருக்குது?"

"கை சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குதுங்க மாமா. ஊட்டுல ஆருதான் சொன்ன பேச்சக் கேக்கறாங்க?"

இரண்டாவது வாய். உள்ளே வெந்தும் வேகாமலும் மாவு. சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்தவர், வாழ்நாளில் கட்டி விழுந்த களியைப் பார்த்திராதவர். தட்டை அப்படியே வைத்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். துவைத்துக் காயப்போட்டிருந்த கட்டுத்துணியைக் கொடியிலிருந்து எடுத்து, ஒன்றொன்றாகச் சுருட்டினார். பிறகு அக்கா முன்னால் உட்கார்ந்து, "நீட்டு" என்றார்.

"பீடி?"

"நீட்டுன்னு சொன்னனில்ல."

அன்று அவர் கட்டியதைப்போல நேர்த்தியான கட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. முடித்துவிட்டு, பழக்கத்தில் கையை நீட்டினார். அக்கா வேறு எதையும் தேடவில்லை. மேடம் செய்வதைப்போலவே தன் சுண்டுவிரலைக் கட்டின் ஓரத்தில் நுழைத்துப் பார்த்தார். "செரி. வேலை முடிஞ்சுது, போங்க" என்றார். அண்ணன் எழுந்து போய்விட்டார். மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அந்தச் 'செரி'யை தினமும் சொல்லச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கறுத்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதை எடுத்தார்கள். கால் நின்றது. புண்ணும் ஆறியது.

நான் ரிடையர் ஆகும் முன்பு அவர்கள் கடைசியாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். அண்ணன் இரண்டு காலாலும் நடந்து வந்தார். ஏணி ஏறுவதில்லை, கீழே நின்று மிளகைத் தரம் பார்க்கிறாராம். எஸ்டேட்டில் யார் பீடி பற்றவைத்தாலும் பிடுங்கி மிதிக்கிறாராம். அக்கா கை மெலிந்து, ரவிக்கைக் கை தைத்தபடியே இருந்தது. கனமான கூடையைத் தூக்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கிறார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். அண்ணன் கொய்யாப்பழம் வாங்கப் போன நேரத்தில் அக்கா என் காதோடு சொன்னார்: "தம்பி, அன்னிக்கி எங்கையி நல்லாத்தானுங்க இருந்துச்சு. வீங்கியிருந்துச்சு, ஆனாக் களி கிண்ட முடியாத அளவுக்கில்லீங்க. வேணும்னேதான் கட்டி விழுகக் கிண்டினேன். இவுருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. மானம் போயிரும்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

பஸ் வந்தது. அக்கா முதலில் ஏறி இடம் பிடித்தார். அண்ணன் பழப்பையோடு படியண்டை நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"களிக் கதையச் சொன்னாளாக்கும்?"

நான் பஸ் ஜன்னலைப் பார்த்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சாமி. கையே ஒடிஞ்சு கெடந்தாலும் அவ கிண்டற களில கட்டி விழுகாதுங்க."

"தெரிஞ்சுமா பீடிய விட்டீங்க?"

அண்ணன் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "களியில போயி வேணும்னே கட்டி விழுக வெக்கற பொம்பள இல்லீங்க அவ. அதையே செஞ்சுபோட்டாள்னா, எங்காலுக்காக இன்னும் என்னென்ன செய்வாளோன்னு பயந்துபோயித்தான் விட்டேன். அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நான் ஏமாந்துட்டேன்னே இருக்கட்டும்."

அவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆகவே கண்ணுகளா, மாரமங்கலம் பஸ்ஸில் சுண்டுவிரலைக் கட்டின் ஓரத்தில் நுழைத்துப் பார்க்கிற ஓர் அக்காவையும், ஒரு கால்விரல் இல்லாத ஓர் அண்ணனையும் பார்த்தால், என் மகன், மகள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பழம் கொடுப்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். களியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தான்தான் மற்றவரை ஏமாற்றிவிட்டதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பதில்தான் அந்தக் கையும் அந்தக் காலும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன.